கன்னியம்மா போடாத தண்டோரா

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் முப்பது வருஷமாக மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். பெயர் அமீருதீன். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, இவ்வளவுதான் கடை. ‘ஐயா, வணக்கம்’ என்று ஆரம்பித்து ‘தாங்கள் கருணை கூர்ந்து’ என்று முடித்து எத்தனை ஆயிரம் மனு எழுதியிருப்பேனோ தெரியாது. அதில் எத்தனைக்குப் பலன் கிடைத்தது என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும்.

அத்தனையிலும் ஒன்றை மட்டும் எழுதியிருக்கவே கூடாது. கன்னியம்மாவின் வாக்குமூலம் அது. எழுதிக் கொடுங்கள் என்று அவர் வந்து கேட்கவில்லை. நான்தான் உட்காரவைத்து, பேசவைத்து, எழுதி, கையெழுத்து வாங்கினேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன். இது மனு இல்லை. யாரும் கருணை கூர வேண்டாம்.

எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே போனால், அனல் மின்நிலையத்துச் சாம்பல் குழாய்களும் உப்பளமும் கன்டெய்னர் லாரி வரிசையும் முடிகிற இடத்தில் கழிமேட்டுக்குப்பம் வரும். கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் நூற்று நாற்பது வீடு. கன்னியம்மா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். பத்தொன்பது வயதில் தேசப்பனைக் கட்டினார். தேசப்பன் கழியில் இறால் பிடித்தவர். கழியில் சாம்பலும் சுடுதண்ணீரும் கலந்து இறால் இல்லாமல் போனதும், ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேலைக்குப் போனார். நெஞ்சுச் சளி முற்றி அவர் இறந்தபோது அந்த வேலையைக் கன்னியம்மாவுக்குக் கொடுத்தார்கள். வேலையில் சேரக் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் அம்மு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்ட, பதினைந்து நாளில் கற்றுக்கொண்டார். படிக்கவும் வரும், எழுத்துக் கூட்டிக் கூட்டி.

தொட்டி வேலையை லேசாக நினைக்கக் கூடாது. குப்பத்துத் தரைக்குள் எங்கே குழாய் இறக்கினாலும் உப்புத்தண்ணீர்தான். நல்ல தண்ணீர் மேற்கே இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் கழிமேட்டிலிருந்து வர வேண்டும். காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டு, தெருவில் இருக்கும் ஒன்பது டேப்புக்கும் முறை வைத்து வால்வு திருப்பி, கூடவே நடந்து, “தண்ணி வுடுறேன், கொடம் எடுத்துகினு வா!” என்று குரல் கொடுப்பார். ஆறு மணி என்றால் ஆறு மணி. ராமசெல்வி என்று ஒரு பெண், கருவாடு போட்டுப் பிழைப்பவர், ஒருமுறை என்னிடம் சொன்னார். “அவ தண்ணி வரும்னா வரும், வராதுன்னா வராது பாய். டேப்பாண்ட கன்னியம்மா பொய் சொல்லி நான் கேட்டது இல்ல.” இதை அவர் சொன்னது, எல்லாம் கெட்டுப்போவதற்கு முன்னால்.

தொட்டி வேலையோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டு வந்தது. கிராம சபை நடப்பதற்கு ஏழு நாள் முன்னால் தண்டோரா போட வேண்டும். தண்டோரா என்றால் தப்பட்டை, மேளம் எதுவும் கிடையாது, கன்னியம்மாவின் தொண்டைதான். போலியோ சொட்டு மருந்து, ரேஷன், கரண்ட் கட், எதுவானாலும் டேப்புக்கு டேப் சொல்லிவிட்டுப் போவார். அரைமணி நேரத்தில் குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும். தண்டோரா போட்டேன் என்று ஒரு தாளிலும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளில்தான் வில்லங்கம் பிறந்தது.

குப்பத்துக்காரர்களுக்கு இரண்டு பஞ்சாயத்து. ஒன்று ஊர்ப் பஞ்சாயத்து. கோயில் முன்னால் ஆம்பிளைகள் மட்டும் கூடுவார்கள், ஊர்த்தலைவர் மாரியப்பன் பேசுவார், அவர் சொன்னால் ஒரு படகும் கடலுக்குப் போகாது. அதற்கு நோட்டு கிடையாது, ரசீது கிடையாது, வாய்வார்த்தைதான். இன்னொன்று சர்க்கார் பஞ்சாயத்து. அதன் ஆபீஸ் கழிமேட்டில். பத்திரம், தீர்மானப் புத்தகம், சீல், எல்லாம் அங்கே. தெருவிளக்கு எரியாவிட்டால் திட்டுவதற்குத்தான் அந்தப் பஞ்சாயத்து என்று குப்பம் நினைத்தது. கிராம சபைக்கு இங்கேயிருந்து நாலு பேர் போனால் அதிசயம். அதிலேயும் இரண்டு பேர் கன்னியம்மா குரலுக்கு மரியாதை கொடுத்துப் போனவர்கள்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். குப்பத்துக்கு வடக்கே நாலு ஏக்கர் மணல்மேடு, வலைத்திடல் என்று பெயர். வலை காயப்போடுவதும், கிழிசல் பின்னுவதும், இன்ஜினைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்ப்பதும், பெண்கள் கருவாடு உலர்த்துவதும், கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதும் அங்கேதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு உப்பளக்காரர் பொதுக் காரியத்துக்கு என்று அந்த மேட்டை எழுதிக் கொடுத்தார். யார் பெயருக்கு எழுதினார்? ஊர்ப் பஞ்சாயத்துக்குத்தான் பெயரே காகிதத்தில் கிடையாதே. சர்க்கார் பஞ்சாயத்துப் பெயருக்கு எழுதினார். குப்பம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. யார் எங்கே வலை விரிப்பது என்பதை மாரியப்பனும் அவருக்கு முன்னால் அவர் அப்பாவும் சொன்னார்கள், அப்படியே நடந்தது.

2024, ஊராட்சித் தலைவருக்குப் பதவியின் கடைசி வருஷம். கன்டெய்னர் நிறுத்த இடம் தேடி ஒரு கம்பெனியின் ஆட்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மற்றது தானாகப் புரியும்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் சம்பளம் வாங்கப் போன கன்னியம்மாவிடம் ஊராட்சிச் செயலர் டில்லிபாபு ஆறு தாளை நீட்டினான். வருஷத்துக்கு ஆறு கிராம சபை, ஆறு தண்டோராச் சான்று. “ஒவ்வொரு தபாவும் இதுக்குன்னு ரெண்டு கிலோமீட்டர் நடந்துகினு வரணுமாக்கா? ஒரே தபாவா போட்டுட்டுப் போ. தேதி நான் பூர்த்தி பண்ணிக்கிறேன்.” நாலு வருஷமாக இப்படித்தான். அதைக் கன்னியம்மா உதவி என்று எடுத்துக்கொண்டார். தாளில் போட்டாலும் போடாவிட்டாலும் டேப்பில் சொல்லத்தானே போகிறோம் என்று நினைத்தார். ஜனவரியிலும் மார்ச்சிலும் மே, ஆகஸ்டிலும் சொல்லவும் செய்தார்.

செப்டம்பர் மூன்றாவது வாரம் வியாசர்பாடியில் அம்முவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, மாமியார் இல்லை. லீவு எப்படிக் கேட்பது என்று கன்னியம்மா தவித்துக்கொண்டிருந்தபோது டில்லிபாபுவே குப்பத்துக்கு பைக்கில் வந்தான்.

“பேத்தி பொறந்துகீதாமே? போய்ட்டு வாக்கா. மோட்டாரு காயில் மாத்தணும், எப்டியும் பத்து நாளு ஆவும். அதுவரைக்கும் ரோட்டாண்ட லாரித் தண்ணி வுட்டுக்கறோம்.”

“கிராம சபை வருதே, சொல்ல வேணாமா?”

“காந்தி ஜெயந்திக்குக் கொடி ஏத்தி முட்டாயி குடுக்கறதுதான்க்கா. அத்த நான் பாத்துக்கறேன்.”

பன்னிரண்டு வருஷத்தில் முதல் லீவு. டில்லிபாபுவையும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளையும் நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு பஸ் ஏறினார். பத்து நாள் பேத்தியைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, அம்முவுக்குப் பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்துத் திரும்பினார். அந்தப் பத்து நாளைப் பற்றிப் பேசும்போது இப்போதும் அவர் முகத்தில் சந்தோஷம் தெரியும். எனக்குத்தான் அதைக் கேட்கப் பொறுக்காது.

திரும்பி வந்து மோட்டார் போட்டதும் ஒன்று கவனித்தார். காயில் கம்பியை மாற்றினால் மோட்டாரின் சத்தம் மாறும். இது பழைய சத்தம். ஷெட்டுக்குள் ஸ்விட்ச் பெட்டி மூடி கழன்று விழாமல் இருக்க அவர் போட்டிருந்த கயிற்று முடிச்சும் அப்படியே இருந்தது. யாரும் பெட்டியைத் திறக்கவே இல்லை. சரி, தண்ணீர் வந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

நவம்பரில் சம்பளத்துக்குப் போனபோது ஆபீஸ் பலகையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. ஒட்டவில்லை என்று நாளைக்கு ஒருவரும் சொல்லிவிட முடியாது, ஒழுங்காக ஒட்டியிருந்தார்கள். கன்னியம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘சர்வே எண் 114/2பி, பயன்பாடின்றி உள்ள தரிசு, பொது ஏலம்.’ குப்பத்தில் யாருக்கும் எந்த மண்ணும் நம்பரால் தெரியாது. கோயில் கல்லுக்கு இந்தப் பக்கம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இப்படித்தான் தெரியும்.

“இது எந்த எடம் டில்லி?”

“உப்பளத்தாண்ட ஒரு தரிசு கீதுக்கா.”

பொய் என்று கூடச் சொல்ல முடியாது. வலைத்திடலுக்கு மேற்கே உப்பளம் இருக்கத்தான் செய்கிறது. கன்னியம்மாவுக்கு மனசு கேட்காமல், மாரியப்பனிடம் போய் விற்கிற நோட்டீஸ் ஒன்று இருக்கிறது, ஆம்பிளைகள் யாராவது போய்ப் பாருங்கள் என்றார். “ஊரு கூடாம எவன் இன்னாத்த விப்பான்? நீ மோட்டாரைப் பாரு” என்று மாரியப்பன் அனுப்பிவிட்டார்.

டிசம்பரில் சர்வேக்காரர்கள் வந்து வலைத்திடலைச் சுற்றிக் கல் நட்டார்கள். அப்போதும் குப்பம் கல்லைப் பிடுங்கவில்லை. வெயிலில் வேலை செய்கிறார்கள் பாவம் என்று மோர் கொடுத்தது. அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம் போட்டு, ‘வலைத்திடல் விற்பனைக்கு இல்லை’ என்று ஒருமனதாக முடிவு செய்து, மறுநாள் எல்லோரும் கடலுக்குப் போய்விட்டார்கள். அந்த முடிவை யாரும் எழுதவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. ஊர் சொன்னால் போதும் என்று உண்மையாகவே நம்பினார்கள். பிப்ரவரியில் ஜேசிபி வந்து காய்ந்துகொண்டிருந்த வலையை ஓரமாக வாரிப் போட்டுவிட்டு அஸ்திவாரம் தோண்டியபோதுதான் அலறிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து பத்திரத்தைக் காட்டியது.

அதற்குப் பிறகுதான் என் கடைக்கு வந்தார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான் கேள்வி போட்டேன். மார்ச் கடைசியில் பதில் வந்தது. மாரியப்பனும் ராமசெல்வியும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் தீர்மானத்தைச் சத்தமாகப் படித்தேன். அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபை. வந்தவர்கள் நூற்றுப்பன்னிரண்டு பேர், அத்தனையும் கழிமேட்டு ஆட்கள், நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் கையெழுத்து வாங்கப்பட்டவர்கள். கடைசியில் இப்படி ஒரு வரி: ‘கழிமேட்டுக்குப்பம் பொதுமக்களுக்குத் தண்டோரா மூலம் முறைப்படி அறிவித்தும் எவரும் வராததால் ஆட்சேபணை இல்லை எனக் கருதப்படுகிறது.’ அதற்கு ஆதாரம் இணைப்பு மூன்று. இணைப்பு மூன்றைத் திருப்பினேன். குழந்தை எழுத்து மாதிரி உருண்டையாக ‘தே. கன்னியம்மா’ என்று இருந்தது.

ராமசெல்வி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவளா?” என்றார். நவம்பரில் அந்தம்மா வந்து சொன்னது மாரியப்பனுக்கு ஞாபகம் வந்திருக்கும். வந்திருந்தும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பழி அவர் தலையில் விழுந்திருக்கும். நான் அவரைப் பற்றி வேறு என்ன எழுதுவது?

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கன்னியம்மா வால்வைத் திருப்பிக் குரல் கொடுத்தபோது முதல் டேப்பில் ஒருத்தரும் இல்லை. தூரத்தில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் அடுத்த டேப்புக்கு நகர்ந்த பிறகுதான் வந்து பிடித்தார்கள். ஒன்பது டேப்பிலும் அப்படியே. ஐந்தாவது டேப்பில் ராமசெல்வி கத்தினார். “எத்தினி குட்த்தாங்கோ உனுக்கு? நான் கருவாட்ட உன் தலையிலயா காயப்போடறது?”

அன்று மத்தியானம் கன்னியம்மா என் கடைக்கு வந்தார். அதற்கு முன்னால் நான் அவரைப் பார்த்ததில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

“பாய், அந்தக் காயிதத்த காட்டு.”

காட்டினேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

“என்துதான். ஆனா நான் சொல்லல பாய். ஊர்லயே இல்ல நான். பேத்திக்குத் தண்ணி ஊத்திகினு இருந்தேன்.”

எல்லாவற்றையும் சொன்னார். பொங்கலுக்குப் போட்ட ஆறு கையெழுத்து, காயில், கயிற்று முடிச்சு, நோட்டீஸ். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு பிடி என் கையில் கிடைத்ததே இல்லை. குப்பத்துக்கு அறிவித்தோம் என்பதற்கு அவர்களிடம் இருக்கிற ஒரே ஆதாரம் இந்தத் தாள். இது பொய் என்று கையெழுத்துப் போட்டவரே சொன்னால் தீர்மானம் செல்லாது, தீர்மானம் செல்லாவிட்டால் விற்பனையும் செல்லாது. அப்படித்தான் நினைத்தேன். அப்படியே அவரிடம் சொல்லவும் செய்தேன். “உண்மையைச் சொல்றவங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா” என்றும் சொன்னேன். எங்கேயிருந்து வந்ததோ அந்த வாய்க்கொழுப்பு எனக்கு.

சாயங்காலம் அம்மு போன் செய்தார். கைக்குழந்தை அழுகிற சத்தம் பின்னால் கேட்டது. “பாய், எங்கம்மாவ உட்டுடுங்க. ஆபீஸ்காரங்களுக்கு ஒண்ணியும் ஆவாது. மாட்டிக்கப் போறது எங்கம்மாதான். இன்னும் ரெண்டு வருஷம் போனா வேல பர்மனென்ட் ஆவும். ஒத்தையாளு பாய் அவங்க.” சட்டம் தெரியாத பெண் பயப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன். சட்டம் தெரிந்த நான் அவருக்கு அரைமணி நேரம் விளக்கம் வேறு கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கன்னியம்மா மறுபடி வந்தார். வேலை போகலாம் என்று மகள் சொன்னதை என்னிடம் மறைக்கவில்லை.

“போனாலும் போவட்டும் பாய். பன்னெண்டு வருசமா அந்த டேப்பாண்ட நான் சொன்னது எதுவும் தப்பானது இல்ல. இப்ப என் பேர்ல ஒரு பொய் கீது. அத்த எட்த்துடு. திடலும் திரும்பக் கெட்ச்சா, அல்லாரும் பழையபடி கொடத்த எடுத்துகினு வருவாங்க.”

எழுதினேன். அச்சடித்த தாளின் கீழே அதே உருண்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார். இந்த முறை முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதைக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் கடைசியில், மீன்பிடித் தடைக்காலத்தில், கழிமேடு ஆபீசில் விசாரணை நடந்தது. ஆம்பிளைகள் கரையில் இருந்ததால் குப்பமே திரண்டு வந்து வெளியே நின்றது. பழைய ஊராட்சித் தலைவர் வரவில்லை, உடம்பு சரியில்லை என்று கடிதம் வந்தது. விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர். கன்னியம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். அதைப் பார்த்து நான் இன்னும் நம்பினேன்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமா சார்.”

“தண்டோரா போட்டீங்களா?”

“இல்ல சார்.”

“போடாம ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

“தை மாசமே ஆறு காயிதத்துலயும் வாங்கிட்டாங்க சார்.”

டில்லிபாபு எழுந்து, அந்தந்த மாதம்தான் கையெழுத்து வாங்கினேன், தேதி இருக்கிறது, பாருங்கள் என்றான். ஆறு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் சார், ஒரே பேனா, ஒரே மை என்று நான் குறுக்கே பேசினேன். சம்பந்தமில்லாதவர்கள் வெளியே இருக்கலாம் என்றார் அதிகாரி. வெளியே போய் ஜன்னல் பக்கம் நின்றேன்.

“காயில் மாத்தறேன்னுதான் சார் என்ன அனுப்புனாங்க. மாத்தல. மாத்தியிருந்தா மோட்டாரு சத்தம் மாறும். நான் போட்ட முடிச்சு அப்டியே கீது, வந்து பாருங்க சார்.”

அதிகாரி பேனாவை மூடி வைத்திருந்தார். மோட்டார் விஷயம் இந்த விசாரணையில் வராது என்றார். ‘தண்டோரா போடவில்லை, கையெழுத்து என்னுடையது’ என்ற இரண்டு வரியை மட்டும் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். வெளியே வந்த கன்னியம்மா, “சொல்லிட்டேன் பாய்” என்றார். மனசு லேசான மாதிரி இருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் ராமசெல்வி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாராம். அதைக் கன்னியம்மா எனக்கு போனில் சொன்னார்.

ஆகஸ்டில் அறிக்கையின் நகல் வந்தது. பதினாலு பக்கம். நான் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தனியாகப் படித்தேன். படித்து முடித்துவிட்டு ஒரு டீ குடித்து வந்து, தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி படித்தேன். பிறகுதான் கன்னியம்மாவை வரச் சொன்னேன். அவருக்கு அதற்கு முதல் நாளே வேலைநீக்க உத்தரவு கையில் கிடைத்திருந்தது.

“படி பாய்.”

படித்தேன். ‘குடிநீர்த் தொட்டி இயக்குநர் திருமதி தே. கன்னியம்மா என்பவர், தாம் அறிவிப்பு செய்யாமலேயே செய்ததாகப் பொய்ச் சான்று அளித்ததை நேரில் ஒப்புக்கொண்டுள்ளார். இவரது கடமை தவறிய செயலே கிராம மக்களுக்குத் தகவல் சென்றடையாமைக்குக் காரணம்.’ அடுத்த பக்கம், ‘நிலத்தை வாங்கியவர் பொது ஏலத்தில் நல்லெண்ணத்துடன் வாங்கியுள்ளதால் விற்பனையில் தலையிட முகாந்திரம் இல்லை.’ கடைசிப் பக்கம், ‘வருங்காலத்தில் இத்தகைய நடைமுறைக் குறைபாடுகள் நிகழாவண்ணம் பார்த்துக்கொள்ள அறிவுறுத்தப்படுகிறது.’

“என் பேரு எத்தினி எடத்துல கீது?”

எண்ணிச் சொன்னேன். பதினோரு இடம்.

“டில்லிபாபு பேரு?”

இல்லை. ‘அப்போதைய ஊராட்சிச் செயலர்’ என்று ஒரு இடத்தில் இருந்தது. அவனை வேறு ஊராட்சிக்கு மாற்றியிருந்தார்கள், இதைவிடப் பெரிய ஊராட்சி.

“தலைவரு பேரு?”

“இல்லம்மா.”

“அந்த கம்பெனிக்காரன் பேரு?”

“‘வாங்கியவர்’னு போட்டிருக்கு.”

“அப்ப நான்தான் வித்தேனா பாய்?” என்றார். நான் அழுதேன். அறுபத்திரண்டு வயதில், கடையில், வாடிக்கையாளர் முன்னால் அழுதேன். அப்பீல் போடலாம் என்றேன், ஹைகோர்ட் என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீ ஒரு நாளு காலைல வூட்டாண்ட வா பாய். ஆறு மணிக்கு. அந்த மொதல் காயிதம் கீதுல்ல, தீர்மானம், அத்த எடுத்துகினு வா.”

போனேன். வலைத்திடலைச் சுற்றிப் பத்தடிச் சுவர் எழும்பியிருந்தது. உள்ளே கன்டெய்னர்கள் அடுக்கியிருந்தன. வலைகளை ரோட்டோரமாகப் போட்டிருந்தார்கள், ஒரு வலையின் மேல் லாரி டயர் ஏறின கருப்புத் தடம். கருவாடு வீட்டுக்கூரைகளின் மேல் கிடந்தது. புது ஆள் ஒருவர் கழிமேட்டிலிருந்து பைக்கில் வந்து மோட்டாரைப் போட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் குரல் கொடுப்பதில்லை. எப்போது வருமோ என்று ஐந்தரை மணியிலிருந்தே வரிசை நிற்கிறது.

முதல் டேப்பில் கன்னியம்மா தன் குடத்தைக் கீழே வைத்தார். என்னிடமிருந்து தாளை வாங்கினார். நான் படிக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு அந்தக் குரல் வந்தது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“அக்டோபர் ரெண்டாம் தேதி கழிமேட்டு ஆபீசுல கிராம சபை! நூத்திப் பதினாலு பை ரெண்டு பி! வடக்க வாய்க்கா, தெக்க கோயிலு கல்லு, மேற்க உப்பளம், கெயக்க கடலு! நம்ம வலைத்திடலு! விக்கப் போறாங்கோ! ஆட்சேபன கீறவங்க அல்லாரும் வந்து சொல்லுங்கோ!”

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடந்து முடிந்து பத்து மாதம் ஆன கூட்டம். யாரும் சிரிக்கவில்லை. சில பேர் சுவர்ப் பக்கம் பார்த்தார்கள். டேப்பில் காற்று சீறியது, தண்ணீர் வந்துவிட்டது. ராமசெல்விதான் வரிசையில் முதல் ஆள்.

“தள்ளிக்க கன்னியம்மா. கொடம் வெக்கணும்.”

கன்னியம்மா தள்ளி நின்றார். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தன் குடத்தை எடுத்துக்கொண்டு, மிச்சம் எட்டு டேப்புக்கும் போய் அதையே சொன்னார். நானும் பின்னாலேயே போனேன். ஒன்பதாவது டேப்பில் சொல்லி முடித்தபோது தண்ணீர் நின்றிருந்தது. அன்று அவர் குடம் காலியாகவே வீட்டுக்குப் போயிற்று.